கத்தரிக்கோலைக் காணோம்: தையல் அறையில் எந்தத் தொல்லைக்கு எங்கே கைவைப்பது

தையல் அறையை ஒழுங்குபடுத்தப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது டப்பா வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். ஒரே அளவில் பன்னிரண்டு பிளாஸ்டிக் டப்பா, ஒவ்வொன்றின் மேலும் அழகாக எழுதி ஒட்டிய சீட்டு. இரண்டே வாரத்தில் டப்பாக்கள் அலமாரியில் காலியாகக் கிடந்தன, சாமான்கள் எல்லாம் மேஜையில் கிடந்தன. டப்பாவைக் குறை சொல்லிப் பயனில்லை. தைக்கும்போது என் கை எங்கே நீள்கிறது என்று பார்க்காமல், கண்ணுக்கு எது அழகோ அங்கே வைத்திருந்தேன்.

அதனால் அறை முழுவதையும் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லப் போவதில்லை. முதலில் ஒரு சோதனை. தலையணை உறை மாதிரி ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொண்டு தைக்க உட்காருங்கள். பக்கத்தில் ஒரு தாள். நாற்காலியை விட்டு எழும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டு, எதற்காக எழுந்தீர்கள் என்று ஒரே சொல்லில் எழுதுங்கள்: ஊசி, இஸ்திரி, டேப், வெளிச்சம். உறை முடியும்போது உங்கள் அறையின் நோய் என்னவென்று அந்தத் தாளே சொல்லிவிடும். அதற்கு நேரான தலைப்பை மட்டும் கீழே படித்தால் போதும்.

"இப்போதுதான் இங்கே வைத்தேன், காணோம்"

கத்தரிக்கோல், சாக்பீஸ், இன்ச் டேப், தையல் பிரிக்கும் சீம் ரிப்பர். காணாமல் போவது பெரும்பாலும் இந்த நான்கும்தான். மூன்று நாளைக்கு, கடைசியில் எங்கே கிடைத்தது என்பதை மட்டும் குறித்து வையுங்கள். வெட்டிய துணிக்கு அடியில், இஸ்திரி மேஜையில், மடியிலிருந்து நழுவித் தரையில் என்று இரண்டு மூன்று இடங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த இடங்கள்தான் அந்தப் பொருளின் உண்மையான வீடு. நீங்கள் சீட்டு ஒட்டிய டிராயர் அல்ல.

டிராயர் ஏன் தோற்றுப்போகிறது? தைத்துக்கொண்டிருக்கும்போது இடது கை துணியைப் பிடித்திருக்கும். வலது கையால் டிராயரை இழுக்க வேண்டும், கத்தரிக்கோலைப் போட வேண்டும், மறுபடி மூட வேண்டும். யாரும் செய்ய மாட்டார்கள், மேஜையிலேயே வைத்துவிடுவார்கள். அடுத்த நிமிஷம் துணி அதன் மேல் விழும். எந்தச் சாமானுக்கும் இடம் முடிவு செய்யும் முன் இந்த ஒரு கைச் சோதனையைச் செய்து பாருங்கள்: ஒரே கையால், மூடி எதையும் திறக்காமல், எடுக்கவும் திருப்பி வைக்கவும் முடிகிறதா? முடிந்தால் அதுதான் இடம். மேஜையின் வலது ஓரத்தில் ஒரு கொக்கி அடித்து நூல் கட்டரையும் சீம் ரிப்பரையும் தொங்கவிட்டதும் எனக்குப் பாதித் தொல்லை தீர்ந்தது. இடது கைக்காரர்கள் கொக்கியை இடப்பக்கம் அடிக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே கருவி மூன்று இடத்தில் தேவைப்படுகிறது: வெட்டும் மேஜை, மெஷின், இஸ்திரி மேஜை. விலை குறைந்தவற்றை இடத்துக்கு ஒன்றாக வைத்துவிடுங்கள். சாக்பீஸ் இரண்டு, நூல் கட்டர் இரண்டு. இன்ச் டேப்பை மட்டும் அப்படிப் பெருக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

துணிக் கத்தரிக்கோல் காணாமல் போகவில்லை, வீட்டில் யாரோ காகிதம் வெட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள் என்றால் அது வேறு நோய். காகிதத்தில் களிமண், சுண்ணாம்பு போன்ற தாதுப் பொடிகள் கலந்திருக்கும். அவை கத்தரிக்கோலின் வெட்டும் விளிம்பை மழுக்கிவிடும். திட்டிப் பயனில்லை. காகிதம் வெட்டும் கத்தரிக்கோலை வாசல் பக்கம், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிடுங்கள். துணிக் கத்தரிக்கோல் உள்ளே, உங்கள் கைக்கு எட்டும் இடத்தில், கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடாவோடு இருக்கட்டும். அவசரத்தில் வருகிறவர் முதலில் கண்ணில் படுவதைத்தான் எடுப்பார்.

"துணி மலையாகக் கிடக்கிறது, வேண்டியது மட்டும் கிடைக்கவில்லை"

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்களா? அடியில் இருப்பதை உருவினால் மேலே இருப்பது சரியும். இரண்டு தடவை சரிந்தபின் அடியில் இருக்கும் துணியை நீங்கள் நினைப்பதையே விட்டுவிடுவீர்கள். புத்தகம் மாதிரி நிமிர்த்தி அடுக்குங்கள். அதற்கு எல்லாத் துணியும் ஒரே அகலத்தில் மடிந்திருக்க வேண்டும். கண்மதிப்பில் மடித்தால் வராது. 15 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தடித்த அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். துணியை நீளவாக்கில் இரண்டாகவோ நான்காகவோ மடித்து, அட்டையைச் சுற்றிக்கொண்டே போய், கடைசி விளிம்பு உள்பக்கம் போகும்படி முடித்து, அட்டையை உருவிவிடுங்கள். வெளியே தெரிவது ஒரே ஒரு மழமழப்பான மடிப்பு. முதல் நாலைந்து துணி கோணலாக வரும், பிறகு கை பழகிவிடும்.

அலமாரி மிகவும் ஆழமாக இருந்தால் பின்வரிசை என்று ஒன்று உருவாகும். பின்வரிசைக்குப் போன துணி தொலைந்த துணி. பின்னால் ஒரு பலகையோ வெற்றுப் பெட்டியோ வைத்து ஆழத்தைக் குறைத்துவிடுங்கள். இடம் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும்.

நிறவாரியாகப் பிரிப்பதா, வகைவாரியாகவா? உடுப்பு தைக்கிறவர்கள் வகையைப் பார்க்க வேண்டும்: மெல்லிய காட்டன், கனத்த காட்டன், பனியன் துணி, லைனிங். சட்டைக்குத் துணி தேடும்போது நீலம் எங்கே என்று தேடுவதில்லை, சட்டைக்கு ஆகிற துணி எது என்றுதான் தேடுகிறோம். ஒட்டுத்துணி வேலை, பொம்மை, பை என்று தைக்கிறவர்களுக்கு நிறம்தான் முக்கியம். அலமாரி வானவில் மாதிரி இருந்தால் படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் உடுப்பு தைக்கிறவருக்கு உதவாது.

ஒவ்வொரு துணியிலும் ஒரு சீட்டு: "2.3 மீட்டர், 44 அங்குலம், நனைத்தது." மூன்றாவது சொல்தான் முக்கியம். காட்டன் முதல் சலவையில் சுருங்கும். நனைத்ததா இல்லையா என்று தெரியாமல் வெட்டித் தைத்த சட்டை, துவைத்தபின் தம்பிக்குத்தான் ஆகும். சீட்டு தொலைந்துபோகும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி: நனைத்துக் காயவைத்த துணியின் ஒரு மூலையைச் சிறு முக்கோணமாக வெட்டிவிடுங்கள். மூலை வெட்டியிருந்தால் நனைத்தது, முழுதாக இருந்தால் நனைக்காதது. சீட்டைக் குண்டூசியால் குத்தாதீர்கள், துருக்கறை ஏறும். ஒரு தையல் நூலால் கட்டுங்கள்.

வெல்வெட்டை மடிக்கக்கூடாது, சுருட்டி வையுங்கள். பனியன் துணியைத் தொங்கவிடாதீர்கள், தன் எடையிலேயே இழுபட்டுவிடும். துண்டுத்துணி விஷயத்தில் என் கணக்கு ஒரு சாண். சாணுக்குப் பெரியதென்றால் இருக்கட்டும், சிறியதென்றால் பொம்மைக்குள் அடைக்கப் போகும். இந்தக் கணக்கை மீறி நான் வைத்திருக்கும் ஒரு பை நிறையத் துண்டுகளைப் பற்றிக் கேட்காதீர்கள்.

"எடுத்துப் பார்த்தால் துணி கெட்டிருக்கிறது"

எப்படிக் கெட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

மடிப்பு விளிம்பில் மட்டும் கோடாக வெளுத்திருந்தால் வெயில். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் திறந்த அலமாரி இருக்கும். அலமாரியை ஜன்னல் இருக்கும் சுவருக்கே மாற்றுங்கள், அல்லது அதற்கு ஒரு திரை தைத்துப் போடுங்கள். தையல்காரர் வீட்டில் திரைக்கா பஞ்சம்.

பலகையைத் தொட்ட பக்கம் மஞ்சளாகியிருந்தால் மரமும் அட்டைப்பெட்டியும் விடும் அமிலம். நன்றாக அலசிய வெள்ளைக் காட்டன் துணியை அடியில் விரித்து அடுக்குங்கள்.

பூஞ்சை வாடை அடித்தால் ஈரம். காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும். அலமாரி சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள். நனைத்த துணியை முழுதாகக் காயும் முன் உள்ளே வைக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும்.

மேற்பரப்பு சுரண்டியது மாதிரி தேய்ந்து, ஒழுங்கற்ற ஓட்டை விழுந்திருந்தால் ராமபாணப் பூச்சியைச் சந்தேகப்படுங்கள். அதற்கு மாவுப்பசை என்றால் உயிர். கஞ்சி போட்ட துணி, துணியில் வைத்து வெட்டும் காகித மாதிரியான பேட்டர்ன், பசை போட்ட அட்டை எல்லாம் அதற்கு இரை. கஞ்சியை அலசிவிட்டு அடுக்குங்கள், வெட்டப்போகும் அன்று போட்டுக்கொள்ளலாம். அந்துருண்டையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மணிக்கணக்கில் உட்கார்ந்து மூச்சுவிடும் அறை அது, அந்த ஆவி நல்லதல்ல. சில வகைப் பிளாஸ்டிக் பட்டனையும் அது இளக்கிவிடும்.

"நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, அடியில் கொத்தாகச் சிக்குகிறது"

இது மெஷின் கோளாறு, அறை ஒழுங்குக்கு என்ன சம்பந்தம் என்று தோன்றும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் சாமான்களை வைத்திருந்த விதத்தால் வந்த கோளாறுதான். மெஷினைத் தூக்கிக்கொண்டு பழுதுபார்க்கிறவரிடம் போகும் முன் இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் மேல்நூலை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி கோத்துவிடுங்கள். கோக்கும்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் மேலே தூக்கியிருக்க வேண்டும். அப்போதுதான் மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விலகி, நூல் அவற்றுக்கு நடுவே உட்காரும். அடியில் கொத்துக் கொத்தாக நூல் சேர்ந்தால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் அது மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்குள் உட்காராததால் வருவது.

அதற்கும் தீரவில்லையென்றால் ஊசியை மாற்றுங்கள். சுமார் 8 மணி நேரம் தைத்த ஊசி தன் வேலையை முடித்துவிட்டது. இங்கேதான் அறையின் ஒழுங்கு உள்ளே வருகிறது. பின்குஷனில் பத்து மெஷின் ஊசி குத்தியிருக்கிறது. எது புதிது, எது பழையது, எது 75, எது 90? ஊசியின் தண்டில் எண் இருக்கும், ஆனால் அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். (90 என்றால் ஊசியின் பருமன் 0.9 மில்லிமீட்டர். உறையில் பக்கத்திலேயே 14 என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.) பின்குஷன் மேல் பேனாவால் கோடு போட்டு நான்கு பாத்தியாகப் பிரியுங்கள்: 75, 90, 100, பனியன் துணி ஊசி. மெஷினில் இப்போது எது மாட்டியிருக்கிறது என்பதை ஒரு சின்னச் சீட்டில் எழுதி மெஷின் நெற்றியில் ஒட்டிவிடுங்கள், மாட்டிய தேதியோடு. எனக்கு இதைவிடப் பயன்பட்ட சீட்டு வேறில்லை.

அடுத்து நூல். அரை மீட்டர் உருவி இரண்டு கையிலும் சுற்றி வெடுக்கென்று இழுங்கள். புது நூலையும் அதேபோல் இழுத்துப் பாருங்கள். பழையது சட்டென்று, சத்தமே இல்லாமல் அறுந்தால் குப்பைக்கு. வெயில் பட்ட காட்டன் நூல் வலுவிழக்கத் தொடங்கிவிடும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் நூல்கண்டுகளை வரிசையாக மாட்டி வைப்பது பார்க்க அழகு, நூலுக்கு ஆகாது. மாட்டத்தான் வேண்டுமென்றால் வெளிச்சம் நேராகப் படாத சுவரில், தூசி படியாமல் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள்.

கடைசியாகப் பாபின். இரண்டு மெஷின் இருக்கும் வீட்டில், அல்லது பழைய மெஷினின் பாபின்கள் மிச்சமிருக்கும் வீட்டில், எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மேஜையில் வரிசையாக நிறுத்தி, கண்ணை மேஜை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். 15 வகைப் பாபினின் இரண்டு தட்டும் தட்டையாக இருக்கும், உயரம் சுமார் 11.7 மில்லிமீட்டர். 66 வகையின் தட்டு லேசாக உப்பலாக இருக்கும். அந்த வித்தியாசமே கேஸுக்குள் பாபின் ஆடவும் நூல் சிக்கவும் போதும். என்னிடம் வந்த ஒரு பழைய மெஷின் தைக்கவே மாட்டேன் என்று மூன்று மாதம் அடம்பிடித்ததற்குக் காரணம் இப்படிக் கலந்துபோன ஒரே ஒரு பாபின். மெஷினுக்கு ஒரு டப்பா, டப்பாவின் மூடியில் ஒரு மாதிரிப் பாபினை ஒட்டிவிடுங்கள்.

ஊசித்தட்டைக் கழற்றிப் பஞ்சைத் துடைப்பதை நாள்காட்டியில் குறிக்காதீர்கள், நினைவிருக்காது. துடைக்கும் தூரிகையைப் பாபின் டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள், பாபின் மாற்றும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். வாயால் ஊதக்கூடாது. பஞ்சு இன்னும் உள்ளே போகும், மூச்சின் ஈரமும் சேரும்.

"அளவு சரியாகத்தான் எடுத்தேன், துண்டுகள் பொருந்தவில்லை"

வீட்டில் இருக்கும் எல்லா இன்ச் டேப்பையும் எடுத்து, ஒரு இரும்பு ஸ்கேலுக்குப் பக்கத்தில் விரித்துப் பாருங்கள். துணி டேப்பும் பிளாஸ்டிக் டேப்பும் வருஷக்கணக்கில் இழுபட்டு நீண்டுவிடும். என்னிடம் இருந்த மூன்றில் ஒன்று, 60 அங்குலத்துக்கு மூன்றில் ஒரு அங்குலம் பொய் சொன்னது. உடம்பை ஒரு டேப்பாலும் துணியை இன்னொன்றாலும் அளந்தால் வேறு எப்படி இருக்கும்? பொய் சொல்வதை வெட்டிப் போடுங்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு வேலை தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே டேப்தான். அதைக் கழுத்தில் போட்டுக்கொள்வதுதான் பழைய தையல்காரர்களின் வழக்கம். ஒரு கைச் சோதனையில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

டேப் சரியென்றால் காகிதப் பேட்டர்னைப் பாருங்கள். எட்டாக மடித்து வைத்த காகிதம் மடிப்புக்கு மடிப்பு கொஞ்சம் அளவைத் தின்னும். மேலே ஓட்டை போட்டுக் கொக்கியில் தொங்கவிடலாம், அல்லது சுருட்டலாம். ஒவ்வொரு துண்டிலும் என்ன உடுப்பு, என்ன அளவு, எத்தனை வெட்ட வேண்டும், நூலோட்டம் (துணியின் நீளவாக்கு நூல் போகும் திசை) எந்தப் பக்கம் என்று எழுதுவதோடு, தையலுக்கு விட்ட துணி சேர்ந்த அளவா சேராததா என்பதையும் எழுதியாக வேண்டும். ஆறு மாதம் கழித்து அது உங்களுக்கு நினைவிருக்காது.

வெட்டும் பாய் (வெட்டும்போது துணிக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் விரிப்பு) வைத்திருப்பவர்கள் அதைச் சுவரில் சாய்த்தோ வெயில் படும்படியோ வைக்காதீர்கள். சூட்டில் வளைந்துவிடும், வளைந்த பாயில் ஸ்கேல் ஆடும்.

"அரை மணியில் முதுகு பிடித்துக்கொள்கிறது"

வெட்டும்போதா, தைக்கும்போதா? இரண்டும் ஒரே மேஜையில் நடந்தால் ஏதோ ஒன்றில் முதுகு போகும். உட்கார்ந்து தைக்க 71 முதல் 76 சென்டிமீட்டர் உயரம் சரியாக இருக்கும். நின்று வெட்ட 90 சென்டிமீட்டராவது வேண்டும். முழங்கையை மடக்கி நின்றுகொண்டு, அதற்குச் சற்றுக் கீழே மேஜை வருகிறதா என்று பார்ப்பதுதான் சரியான அளவு. ஒரே மேஜைதான் இருக்கிறதென்றால் நான்கு காலுக்கும் கட்டை கொடுத்து வெட்டும் உயரத்துக்கு ஏற்றி, தைக்க உயரமான நாற்காலியும் பெடலுக்கு ஒரு பலகையும் போட்டுக்கொள்ளுங்கள். வெட்டும் மேஜையைச் சுவரோடு ஒட்டாதீர்கள். துணியின் மறுபக்கத்துக்கு நடந்து போக முடியாவிட்டால் எட்டி எட்டி வெட்டுவீர்கள்.

கழுத்து மட்டும் வலித்தால் வெளிச்சம். குனிந்து ஊசியைத் தேடுகிறீர்கள். வலது கைக்காரர்களுக்கு விளக்கு இடப்பக்கம் இருந்தால் கையின் நிழல் தையலில் விழாது.

"இஸ்திரிப் பெட்டி போட்டால் பிளக் சூடாகிறது"

உடனே நிறுத்துங்கள். மெஷின் இழுப்பது சுமார் 100 வாட், இஸ்திரிப் பெட்டி 1000 முதல் 2000 வரை. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடாதீர்கள். இஸ்திரிக்குச் சுவர் பிளக் தனியாக. அந்தப் பிளக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இஸ்திரி மேஜை, மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமையட்டும்.

"காலில் குண்டூசி குத்துகிறது"

எண்ணிக்கையில் பிடியுங்கள். பின்குஷனில் பத்துப் பத்தாக ஐம்பது ஊசி, அதற்கு மேல் வேண்டாம். வேலை முடிந்ததும் ஒரு வரிசை குறைந்தால் உடனே தெரியும். ஒரு கழியின் முனையில் காந்தம் கட்டித் தரையில் ஓட்டினால் கிடைத்துவிடும். முறிந்த ஊசிக்கு மூடியில் கீறல் போட்ட ஒரு டப்பா வைத்து, மேலே எழுதிவிடுங்கள்.

"பட்டன், மணி, கொக்கி எல்லாம் கலந்துவிட்டது"

ஆழமான டப்பாதான் காரணம். ஒரே அடுக்காகப் பரவுகிற, அடி தெரிகிற தட்டையான தட்டு போதும். பட்டனை நிறத்தால் பிரிக்கும் முன் அளவால் பிரியுங்கள். பட்டன் அளவு லைன் கணக்கில் வரும். 40 லைன் ஒரு அங்குலம், சட்டைக்கு வழக்கமான 18 லைன் என்பது 11.4 மில்லிமீட்டர். எலாஸ்டிக்கில் வாங்கிய வருஷத்தை எழுதி வையுங்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் ரப்பர் செத்துப்போகும், தைத்தபின் தெரிந்து பயனில்லை.

"பாதியில் நிற்கும் வேலைகள் அறையை அடைக்கின்றன"

வேலைக்கு ஒரு துணிப்பை. உள்ளே வெட்டிய துண்டுகள் மட்டும் போதாது. அதே நூல், அதே நூல் சுற்றிய பாபின், ஜிப், பேட்டர்ன் எல்லாம் அந்தப் பையில் இருக்க வேண்டும். ஒன்றுக்காக எழுந்து தேட வேண்டியிருந்தால் அந்தப் பை திறக்கப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சீட்டு. "நீலச் சட்டை" என்று எழுதாதீர்கள், பார்த்தாலே தெரிகிறது. அடுத்த கை வேலை என்ன என்று எழுதுங்கள்: "வலது கை வைத்தாயிற்று. இடது கை, பின்பக்கம் இரண்டு வெட்டுக்குறி உள்ள பக்கம் முதுகுக்கு வர வேண்டும்." மூன்று மாதம் கழித்து எடுத்தாலும் ஐந்து நிமிஷத்தில் மெஷின் ஓடும்.

பைகளை மாட்டக் கதவுக்குப் பின்னால் ஐந்து கொக்கி அடியுங்கள், ஆறாவது வேண்டாம். கொக்கி இல்லையென்றால் புது வேலை வெட்டக்கூடாது. ஒரு வருஷம் சீட்டு மாறாத பை இருந்தால் பிரித்துவிடுங்கள்: ஜிப் ஜிப்போடு, பேட்டர்ன் கொக்கிக்கு, சாணுக்கு மேல் உள்ள துணி அலமாரிக்கு. என் கதவுக்குப் பின்னால் ஐந்து கொக்கிதான் இருக்கிறது. பை ஏழு. இரண்டு கொக்கியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன. அடியில் இருக்கும் இரண்டையும் நான் திறந்து நாளாகிறது.